எட்டாம் வகுப்புக்கு எந்த மண் உருவம்? ஓர் ஆறு நாள் கணக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்கு வரும் முதல் தலைவலி, இந்த வருஷம் பிள்ளைகளை மண்ணில் என்ன செய்யச் சொல்வது என்பதுதான். போன வருஷம் செய்ததையே செய்யலாம். ஆனால் இப்போது எட்டாம் வகுப்புக்கு வந்திருப்பவர்கள் அதை ஜன்னல் வழியாக முழுக்கப் பார்த்துவிட்டவர்கள். "அதேதானா டீச்சர்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

என் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளி. வகுப்பில் 42 பேர். வெள்ளிக்கிழமை மதியம் அடுத்தடுத்து இரண்டு பீரியட், மொத்தம் 80 நிமிடம். பானை வனையும் சக்கரம் கிடையாது, மின்சூளை கிடையாது. ஒரு குழாய், நான்கு நீள பெஞ்சு, ஜன்னலோரம் ஓர் இரும்பு அலமாரி. சுடுவதற்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி, மண்பாண்டம் செய்யும் ஒரு வேளார் வீட்டுச் சூளை. சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்த கலை ஆசிரியர்கள் பலருக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். ஆகவே கீழே நான் எடைபோடுவது எல்லாம் கையாலேயே கட்டி எழுப்பும் உருவங்கள்.

முதல் வருஷம் யானை செய்ய வைத்தேன். யானை யாருக்குத்தான் பிடிக்காது? ஆளுக்கு ஒரு கிலோ மண். உடம்புக்கு ஓர் உருண்டை, காலுக்கு நான்கு உருளை, தும்பிக்கைக்குக் கயிறு போல உருட்டிய ஒரு மண் திரி. எல்லாமே உள்ளே திண்ணென்று கெட்டி மண். மேசையில் வரிசையாக நிறுத்தியபோது பார்க்க அவ்வளவு அழகு. சூளைக்குக் கொண்டுபோனால், அந்த வேளார் பெரியவர் ஒரு யானையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு டீச்சர். உள்ள இன்னும் காயல. பத்து நாள் போகட்டும்." கண்காட்சிக்கு நான்கே நாள்தான் இருந்தது. "பரவாயில்லைங்க ஐயா, வச்சிடுங்க" என்றேன். சூளை பிரித்த அன்று ஒன்பது யானை முழுதாக வந்தது. மீதியெல்லாம் தும்பிக்கையும் காலும் சில்லுமாக ஒரு கூடை. பக்கத்தில் அடுக்கியிருந்த அவருடைய அகல் விளக்குகளிலும் கொஞ்சம் போயின. அதற்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு இன்னும் அந்தக் கூச்சம் போகவில்லை.

"உள்ளே காற்று அடைபட்டதால் வெடித்தது" என்று அன்று பிள்ளைகளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். அது சரியில்லை. வெடிக்க வைத்தது ஈரம். சூடு 100 டிகிரியை எட்டும்போது மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. சுவர் மெலிதாக இருந்தால் அது துளைகள் வழியே மெல்ல வெளியேறிவிடும். நாலு விரற்கடை கனமான யானை வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி தேடிச் சுவரையே பிய்த்துவிடும். காற்றுக்குமிழியைத் தேடித் தேடி ஊசியால் குத்துவதைவிட, எங்கும் சுண்டுவிரல் தடிமனுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும் நன்றாகக் காயவிடுவதும்தான் முக்கியம். அதுவும் முதலில் புகை போட்டு, மணிக்கணக்கில் இளஞ்சூடாக வைத்து, அப்புறம்தான் சூளையை எரியவிட வேண்டும்.

அந்தக் கூடை நிறைய உடைந்த யானைக்குப் பிறகு நான் கணக்குப் போடும் விதமே மாறிவிட்டது. வெள்ளி மதியம் 80 நிமிடம் மண்ணோடு இருப்பவர்கள் பிள்ளைகள். சனிக்கிழமை முதல் வியாழன் வரை ஆறு நாள் அந்த மண்ணோடு இருப்பவை அலமாரியும் காற்றும். எந்த உருவத்தை எடுத்துக்கொண்டாலும் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆறு நாளை இது தாங்குமா? வகுப்பில் எப்படி வருகிறது என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கணக்கில் எப்போதும் முதலில் நிற்பது கிள்ளிச் செய்யும் பறவை. பறவைதான் என்றில்லை, ஆந்தை, கோழி, பூசணிக்காய், பேத்தை மீன், தூங்கும் பூனை என்று எதுவாகவும் ஆகலாம். அடிப்படை ஒன்றுதான். ஆளுக்கு 600 கிராம் மண். அதை இரண்டாகப் பிரித்து உருட்டி, ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி இரண்டு கிண்ணம். இரண்டு விளிம்பையும் பழைய சீப்பால் கீறி, மண்கூழ் தடவி, ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்து ஒட்டினால் ஒரு முட்டை. 42 பேருக்கும் சேர்த்து 25 கிலோ மண் போதும்.

இதில் ஒரு வித்தை இருக்கிறது. ஒட்டிய முட்டைக்குள் காற்று அடைபட்டிருக்கும் அல்லவா, அந்தக் காற்றே உள்ளிருந்து தாங்கும் கை. மரக்கரண்டியால் முட்டையை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அமுங்கி உள்ளே போகாது, பந்து போல எதிர்த்துக் கொடுக்கும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் புடைக்கும். வேளார் பானையின் அடியைத் தட்டுப்பலகையால் தட்டி விரிக்கும்போது உள்ளே ஒரு கல்லை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். இங்கே அந்தக் கல்லின் வேலையைக் காற்று செய்கிறது. முட்டையைத் தட்டித் தட்டியே நீள வாக்கில் கோழி, அகல வாக்கில் ஆந்தை என்று கொண்டுவந்துவிடலாம். வடிவம் வந்த பிறகுதான் அடியில் ஊசியால் ஒரு துளை போட வேண்டும். முன்பே போட்டால் காற்று இறங்கிப் பந்து தொய்ந்துவிடும். போடாமலே விட்டால், காயும்போது சுவர் சுருங்கி, உள்ளே அடைபட்ட காற்று இடம் கொடுக்காமல் ஒட்டிய இடம் விட்டுப்போகலாம்.

முதல் வெள்ளியில் முட்டையும் வடிவமும் முடிந்துவிடும். ஒரு பாலித்தீன் பையில் போட்டு வாயை முறுக்கி வைத்தால் அடுத்த வெள்ளி வரை பதம் மாறாது. சற்று இறுகியிருக்கும், அவ்வளவுதான். அந்த இறுகிய பதம்தான் இறகு கீறவும், அலகும் காலும் ஒட்டவும் தோதானது. மூன்றாம் வெள்ளி வழவழப்பாக்குவதற்கு, அதாவது கரண்டியின் முதுகால் தேய்த்து மினுக்குவதற்கு. மூன்று வாரத்தில் வேலை முடிகிறது. இடையில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளைகூட மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடலாம். 42 பேர் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளியும் மூன்று பேராவது வரமாட்டார்கள் என்பதால் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. கை சூடான பிள்ளைகளுக்குக் கிண்ணத்தின் விளிம்பு வெடித்துக்கொண்டே போகும். அவர்கள் பதறித் தண்ணீரை ஊற்றுவார்கள். மண் கொழகொழத்துச் சரியும். ஈரத்துணியை மேசையில் வைத்து, விரலை அதில் ஒற்றிக்கொள்ள மட்டும்தான் அனுமதி என்று சட்டம் போட்ட பிறகு இது குறைந்தது. இன்னொரு குறை, அளவு. கைக்குள் அடங்கும் உருவம் என்பதால் கண்காட்சியில் எட்ட நின்று பார்க்கும் பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. தலைமையாசிரியர் ஒருமுறை "இவ்வளவுதானா?" என்ற பார்வை பார்த்தார். 42 ஆந்தையையும் ஒரே வேப்பங்கிளையில் உட்கார வைத்த வருஷம் அந்தப் பார்வை வரவில்லை.

புடைப்பு ஓடு இதற்கு அடுத்தது. 15 செ.மீ. சதுரம், ஒன்றரை செ.மீ. கனம், அதன் மேல் மண்ணை ஏற்றி ஒட்டியும் கீறியும் ஒரு காட்சி. எல்லா ஓடுகளையும் சேர்த்துப் பள்ளிச் சுவரில் பதித்தால் ஒரு பெரிய சித்திரம். ஆறு நாள் கணக்கில் இது கிட்டத்தட்டப் பறவைக்குச் சமம். தட்டையான பண்டம், சரியாது, கவிழாது. இரண்டு பலகைக்கு நடுவே செய்தித்தாள் விரித்து அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையில் அப்படி வைப்பதே நல்லது. திறந்து போட்டால் ஓரமும் மூலையும் முந்திக் காய்ந்து, நடு பிந்திக் காய்ந்து, நான்கு மூலையும் அப்பளம் போலத் தூக்கிக்கொள்ளும்.

மண்ணைத் தேய்க்கப் பூரிக்கட்டையும், இரண்டு பக்கமும் கனம் சமமாக வர ஒன்றரை செ.மீ. தடிமனில் இரண்டு ரீப்பர் கட்டையும் போதும். அடியில் ஒரு காடாத்துணி. ஆளுக்கு 800 கிராம் வரை மண் பிடிக்கும். வகுப்புக்கு 34 கிலோ. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஈரமண்ணிலிருந்து சுட்ட மண்ணாகும்வரை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 15 செ.மீ. ஓடு 13.5 செ.மீ. ஆகிவிடும். எல்லாரும் ஒரே நாள் பிசைந்த ஒரே மண்ணை எடுத்தால் எல்லாம் ஒன்றுபோலச் சுருங்கும். ஒருவர் வீட்டுத் தோட்டத்து மண்ணைக் கலந்துவிட்டால் சுவரில் அவர் ஓடு மட்டும் தனியாகத் தெரியும்.

ராஜஸ்தானில் நாத்துவாரா பக்கம் மொலேலா என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாகச் சாமி உருவங்களைப் புடைப்பு ஓடாகவே செய்கிறார்கள். மண்ணோடு கழுதைச் சாணத்தைக் கலந்து பிசைவது அவர்கள் வழக்கம். சூளையில் சாணம் எரிந்து போய் மண்ணில் நுண்துளை விழும். ஆவி வெளியேற வழி கிடைக்கும். நம் பக்கம் அதே வேலையை உமி செய்கிறது. நான் ஓட்டுமண்ணில் உமியும் பொடிமணலும் கலக்கிறேன். ஆனால் உமி கலந்த மண்ணில் மெல்லிய கோடு கீறினால் பிசிறடிக்கும். முகபாவம் வேண்டும் என்றால் மேலே ஒட்டும் மண்ணைத் தனியாகச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைப் பற்றி என் பிள்ளைகளின் புகார் ஒன்றே ஒன்று: "இது படம் வரையற மாதிரிதானே டீச்சர்?" நியாயமான புகார். சுற்றி வந்து பார்க்க முதுகுப்பக்கம் இல்லாத உருவத்தில், பின்பக்கம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. மண்ணைத் தொட்டே பழகாத பிள்ளைக்கு முதல் பாடமாக ஓட்டைக் கொடுத்தால், அவன் காகிதத்தில் தெரிந்ததை மண்ணில் திருப்பிச் செய்வான். அதனால்தான் இதை நான் இரண்டாம் வேலையாக வைக்கிறேன்.

திரி சுற்றி எழுப்பும் பானை, அதில் ஒரு முகம். பாடமாகப் பார்த்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன வருஷம், சுடுமண் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணற்றைப் பார்த்துவிட்டு வந்து, தாங்களாகவே மண் வளையம் செய்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இறந்தவர்களைப் புதைத்த ஆதிச்சநல்லூர்த் தாழி போல ஆள் உட்காரும் அளவுக் கலத்தையும் அடுக்கடுக்காக, பொறுத்துப் பொறுத்துத்தான் எழுப்ப முடியும் என்பதைக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொறுமைதான் பிரச்சினை. கீழ்ப்பகுதி இறுகி மேல்பாரத்தைத் தாங்க வேண்டும். மேல் விளிம்பு மட்டும் ஈரமாகவே இருந்து அடுத்த திரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பையை முழுக்க மூடினால் அடி இறுகாது, திறந்து வைத்தால் விளிம்பு காய்ந்துவிடும். விளிம்பில் ஈரத்துணி சுற்றி, அதன் மேல் பாலித்தீன் கட்டி, அடியைத் திறந்து விட வேண்டும். 42 பானைக்கும் இதை நான் செய்து பார்த்தேன். வெள்ளி சாயங்காலம் ஆறரை ஆனது. 20 செ.மீ. பானைக்கு நான்கு வாரமும் ஒன்றரைக் கிலோ மண்ணும் ஆகும். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள மாலை நேரக் கலை மன்றத்துக்கு இது அருமை. முழு வகுப்புக்கு வேண்டாம்.

வீடு கட்டுவது, அதாவது மண் தகடுகளை வெட்டிச் சுவரும் கூரையுமாக நிறுத்துவது, எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா. திண்ணை, தூண், முற்றம் எல்லாம் வேண்டும் என்பார்கள். கண்காட்சியிலும் முதல் பரிசு இதற்குத்தான் போகும். ஆனால் ஆறு நாள் கணக்கில் இது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஏனென்றால், தேய்த்த தகட்டை உடனே நிறுத்தினால் துவண்டு விழும். இரண்டு மூன்று மணி நேரம் இறுகிய பிறகு நிறுத்தினால் அட்டை போல நிற்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் என் 80 நிமிடத்துக்குள் அடங்காது, ஆறு நாளோ அதற்கு மிக அதிகம். வெள்ளியன்று தேய்த்துத் திறந்து வைத்தால் சனி மத்தியானமே ஒட்டும் பதம் தாண்டியிருக்கும். மூடி வைத்தால் அடுத்த வெள்ளியும் துவளும். இந்தப் பதத்தைப் பிடிக்க நான் ஞாயிற்றுக்கிழமை காவலாளியிடம் சாவி வாங்கிப் பள்ளிக்குப் போய்ப் பையைத் திறந்துவிட்டு வந்த கதையெல்லாம் உண்டு. அப்படியும் நான்கு மூலையிலும் ஒட்டு விட்டு, ஜன்னல் வெட்டிய இடத்தில் மூலைக்கு மூலை கீறல் ஓடியது. ஜன்னல் மூலையைச் சற்று வளைவாக வெட்டினால் கீறல் குறையும். ஒட்டுக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய திரியை வைத்துத் தேய்த்தால் பிடிப்பு கூடும். இதெல்லாம் பின்னால் கற்றது. ஆளுக்கொரு வீடு என்றால் 80 கிலோ மண் வேறு.

வீட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. வாராந்திர வகுப்பில் வேண்டாம் என்கிறேன். கோடை விடுமுறையில் இரண்டு நாள் முகாம் நடத்தினால் இதுதான் முதல் தேர்வு. காலையில் தேய்த்து வெட்டி, சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தால் தகடு தானாகவே பதத்துக்கு வந்திருக்கும்.

இனிமேல்தான் குதிரை. இதைத் தேர்வுப் பட்டியலில் வைக்காமல் எங்கள் பக்கத்தில் மண் வகுப்பு எடுக்க முடியாது. நமணசமுத்திரம், இளங்குடிப்பட்டி ஐயனார் கோயில்களில் வரிசை வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மண் என்றதும் நினைவுக்கு வருவதே அதுதான். ஐயனாருக்கு மண் குதிரை எடுக்கும் விழாவான புரவி எடுப்புக்கு ஊரார் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்து, வேளார் அதை வாங்கி வேலை தொடங்கி, விழா நாளில் தோளில் சுமந்து கோயிலுக்கு எடுத்துப்போவது வரை ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரியும். சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

செய்முறையைப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். முதலில் நான்கு கால், உள்ளே கூடான குழாய்களாக. அவை வெயிலில் இறுகிய பிறகு வயிறு. வயிறு இறுகிய பிறகு கழுத்து. தலை தனி. மண்ணோடு மணலும் உமியும் தாராளமாக. வேலை ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்றுதான் நகரும். கேட்டதும் எனக்கு உற்சாகம்: இடைவெளியே இந்த வேலையின் ஒரு பகுதி என்றால் என் வெள்ளிக்கிழமைகளுக்குப் பொருந்துமே! வாரம் ஒரு கட்டம், ஆறு வாரத்தில் குதிரை.

பொருந்தவில்லை. குதிரைக்கு இடைவெளி வேண்டும்தான். ஆனால் வேண்டியது அரை நாள், ஒரு நாள். ஆறு நாள் அல்ல. ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் கால் கல்லாகியிருக்கும். காய்ந்த காலின் மேல் ஈர வயிற்றை வைத்தால் வயிறு சுருங்கும்போது கால் கூடவே சுருங்காது. ஒட்டிய இடத்தில் சுற்றிலும் வெடிப்பு. முதல் முயற்சியில் பத்துக் குழுவில் ஆறு குழுவின் குதிரைகள் இப்படித்தான் முழங்காலுக்கு மேலே அறுந்தன.

இரண்டாம் முறை வேறு வழி செய்தேன். குழுவுக்கு நான்கைந்து பேர், 30 செ.மீ. உயரம், குழுவுக்கு ஐந்து கிலோ மண். ஒவ்வொரு குழுவிலும் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடுள்ள ஒருவர் மண்காவல். தினமும் சாயங்காலம் மணி அடித்ததும் வந்து, பையைத் திறந்து, விரலால் அழுத்திப் பார்த்து, ஈரத்துணியை நனைப்பதா எடுப்பதா என்று அவரே முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்கக் கூடாது. அந்தப் பத்துப் பேர் ஆறு வாரத்தில் மண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டதை மற்ற 32 பேரும் தெரிந்துகொள்ளவில்லை என்பதே இந்தத் திட்டத்தின் பெருமையும் குறையும். எட்டுக் குதிரை முழுதாகச் சூளைக்குப் போனது. ஒன்று சூளையில் காதை இழந்தது. விடுதி உள்ள பள்ளி என்றால் தயங்காமல் குதிரைக்குப் போகலாம். காவலுக்கு ஆள் பஞ்சமே இருக்காது.

குதிரையைச் சுலபமாக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. வங்காளத்தின் பாங்குரா குதிரையைக் கைவினைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நீண்ட கழுத்து, விறைத்த காது. அதன் பாகங்களைச் சக்கரத்தில் தனித்தனியாக வனைந்து பிறகு சேர்க்கிறார்கள். நாமும் எல்லாப் பாகத்தையும் ஒரே வெள்ளியில் செய்து, ஒரே பெரிய பைக்குள் ஒன்றாக மூடி வைத்து, அடுத்த வெள்ளி ஒட்டலாம். எல்லாம் ஒரே ஈரத்தில் இருப்பதால் வெடிப்பது குறையும். காலும் வயிறும் சற்று மென்மையாகவே இருக்கும் என்பதால் வயிற்றுக்கு அடியில் செய்தித்தாள் பந்து முட்டுக்கொடுக்க வேண்டும். உயரம் 20 செ.மீ. தாண்டக் கூடாது. குதிரைதான் வேண்டும், காவலுக்கு ஆள் இல்லை என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

குதிரையில் இன்னொன்று. அது சாமிக்கு நேர்ந்து செய்வது. எங்கள் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேளார் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இது வீட்டுத் தொழில், உரிமை. நாங்கள் வகுப்பில் விளையாட்டாகச் செய்யலாமா என்று பெரியவரிடமே கேட்டேன். "பிடிமண் வாங்காம செஞ்சா அது பொம்மைதான் டீச்சர். தாராளமா செய்யுங்க. மணியும் மாலையும் போட்டுச் சாமிக்குதிரை மாதிரி மட்டும் பண்ண வேணாம்" என்றார். அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். சேணம் இல்லாத, மேயும் குதிரை, படுத்த குதிரை, குட்டியோடு நிற்கும் குதிரை என்று தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். படுத்த குதிரைக்குக் கால் முறியும் கவலையே இல்லை என்று கண்டுபிடித்தவள் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண்.

அச்சில் அழுத்தி எடுக்கும் கொலு பொம்மையையும் சிலர் கேட்பதுண்டு. மதுரை விளாச்சேரியில் அதற்கென்றே தெருக்கள் இருக்கின்றன; போய்ப் பார்க்க வேண்டிய இடம். வகுப்புக்கு வேண்டாம். எல்லார் பொம்மையும் ஒன்றுபோல இருக்கும். அச்சின் பிளாஸ்டர் துணுக்கு மண்ணில் விழுந்தால் சுட்ட பிறகு அந்த இடம் பொரிந்து விழும்.

பொரிவது என்றதும் நினைவு வருகிறது. கண்மாய் மண் என்றால் கட்டாயம் சலியுங்கள். அதில் நத்தை ஓடு இருக்கும். சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும். சுட்டு எடுத்தபோது நன்றாகத்தான் இருக்கும். சில நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, ஆந்தையின் முகத்திலேயே ஒரு சில்லைத் தள்ளிவிடும். கட்டியைக் காயவைத்து, உடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்து, கொசுவலையில் வடிப்பது என் வழக்கம். மண்ணை உலர்ந்த நிலையில் வகுப்புக்குள் சலிக்காதீர்கள், தரையை விளக்குமாறால் பெருக்கவும் வேண்டாம்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைப்பதுதான் நல்லது.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றும் காயாது, சூளையும் எரியாது. ஆடியில் அதற்கு நேர்மாறு: ஜன்னல் பக்கக் காற்று பறவையின் ஒரு கன்னத்தை மட்டும் காயவைத்து முகத்தைக் கோணவைத்துவிடும். நனைத்த கோணிச் சாக்கை அலமாரிக்குத் திரையாகத் தொங்கவிட்டால் சமாளிக்கலாம். ஜூலையில் தொடங்கி, செப்டம்பருக்குள் சுட்டு முடிப்பது எங்களுக்கு ஒத்துவருகிறது.

சூளையே பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? சுடாமலே விடலாம். இதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குச் சந்தையில் வாங்கும் களிமண் பிள்ளையார் சுடாததுதானே! படம் எடுத்து வைத்துக்கொண்டு, வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுக் கரைத்துவிட்டால் அடுத்த வருஷத்து மண் தயார். சுடப்போவதில்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் தைரியமாகவும் செய்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்ட ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மின்சூளைக்குப் பெருஞ்செலவும் மும்முனை மின்சாரமும் வேண்டும். எங்கள் பள்ளிக்கு அது கனவு.

இந்த வருஷம் நான் முடிவு செய்திருப்பது இது. எட்டாம் வகுப்பு முழுவதற்கும் ஜூலையில் மூன்று வாரம் பறவை முட்டை. அதே பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் இரண்டு வாரம் புடைப்பு ஓடு. கைக்குப் பதம் தெரிந்த பிறகு செய்யும் ஓடு வேறு மாதிரி வருகிறது, சென்ற வருஷம் பார்த்தேன். குதிரை ஒன்பதாம் வகுப்பு மன்றத்துக்கு, விருப்பப்பட்டு மண்காவல் ஏற்பவர்களுக்கு மட்டும். வகுப்பில் 25 பேருக்குக் குறைவு என்றால், நானே பறவையைத் தாண்டி நேராகத் திரிப்பானைக்குப் போயிருப்பேன்.

சேதாரத்துக்கும் சேர்த்துப் பெரியவரிடம் 70 கிலோ மண் சொல்லியாகிவிட்டது. சுடுவதற்குத் தேதி கேட்டார். "நீங்க கன்னத்துல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க ஐயா, அன்னிக்கு வச்சுக்கலாம்" என்றேன். கண்காட்சித் தேதியை இன்னும் தலைமையாசிரியரிடம் பேசவில்லை.